அறைக்குள் போன கொடி

மனைவி இறந்த மறுநாள் மகள் கேட்டாள், "அம்மா எங்கே?"

"உள்ளே தைச்சிட்டு இருக்காங்க" என்றேன்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. மனைவிக்கு வந்தது வெறும் காய்ச்சல். மூன்று நாள் படுத்திருந்தாள். நான்காம் நாள் மருத்துவமனையிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து நேராக மயானம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம், அவள் எதையும் பார்க்கவில்லை. தையல் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டபோது பின்னால் வந்து நின்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு ஏழு மாதமாகியும் வரவில்லை.

மனைவி தையல்காரி. வீட்டின் பின்பக்கத்து அறையில் தைப்பாள். அறை ஜன்னலை ஒட்டித் திராட்சைப் பந்தல். கொடியை நட்டதும் வளர்த்ததும் அவள்தான். துணி வெட்டி மழுங்கிப்போன பழைய கத்தரியால்தான் கொடியை வெட்டிக் கவாத்து செய்வாள். புதுக் கத்தரியை யாரும் தொடக் கூடாது. தொட்டால் விரல் இருக்காது என்பாள்.

ஆண்டுக்கு ஒருமுறை, இலையெல்லாம் உதிர்ந்து, மொட்டு விழிப்பதற்கு முன்னால் வெட்டுவாள். பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

"இவ்வளவு வளர்ந்ததை இப்படி மொட்டை அடிக்கிறியே."

"வளர்ந்ததை எல்லாம் விட்டா வெறும் இலைதாங்க மிஞ்சும். போன வருஷக் குச்சியில ரெண்டு கணு விட்டு வெட்டணும். அதுல வர்ற புதுத் தளிர்தான் காய்க்கும்." பிறகு என் தலையைப் பார்ப்பாள். "பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க முடியைப் பார்த்தும் எனக்கு இப்படித்தான் கை துறுதுறுன்னு இருந்துச்சு."

அவள் போனபோது குலைகள் பச்சையாக இருந்தன. பழுத்ததும் பாதியைப் பறவைகள் தின்றன, மீதியைக் குளவிகள் தின்றன. நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். கொடி கூரைமேல் ஏறியது. பக்கத்து வீட்டின் துணிக்கொடியைப் பிடித்தது. எங்கெங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பது என் வேலை. பன்னிரண்டரைக்குக் கடையைச் சாத்தினால் மறுபடி மூன்றரைக்குத்தான் திறப்போம். இடையில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து சாப்பாடு போடுவேன். எங்கள் தெருவில் ஒரு மணிக்குக் காற்று ஏறும். தினமும் ஏறும்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் மகள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அம்மா."

டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக், டக்.

தையல் மெஷினின் ஊசி இறங்கி ஏறும் சத்தம். ஐந்து வருடம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவன் நான். வேறு எதுவாகவும் அதை எண்ண முடியவில்லை. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். சில நாள் விட்டுவிட்டுக் கேட்கும். சில நாள் நாலு மணி வரை கேட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். வாடகைக்கு யாரையாவது வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார்.

பயத்தினால் திறக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. திறந்தால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அதுதான் மீதி.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு கதவடியில் போய் உட்கார ஆரம்பித்தாள். காதைக் கதவில் வைத்துக்கொள்வாள். ஏதோ சொல்வாள். நிறுத்துவாள். தலையாட்டுவாள். தட்டில் போட்டது அப்படியே இருக்கும்.

ஒரு நாள் கேட்டேன். "அம்மா என்ன சொன்னாங்க, பொத்தான்?" அவளுக்கு அவள் அம்மா வைத்த பெயர் அது.

"கவுன் இன்னும் முடியலையாம்."

அன்று மாலை ஒருவருக்கு இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாமியார் வேறு ஊரில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். மாலையில் வந்து மறுநாள் விடியலில் கிளம்பிவிடுவார். பேத்தி எதிரில் மகளின் பேச்சை எடுக்க மாட்டார். போன வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, வாரநாளில், மதியம் ஒரு மணிக்கு வந்து நின்றார். பேத்தி கதவடியில் இருந்தாள்.

"என்னடி இங்க உட்கார்ந்திருக்கே, கூர்க்கா மாதிரி?"

மகள் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசுங்க பாட்டி. அம்மா தைக்கிறாங்க."

மாமியார் சிரிக்கப் போனார். அதற்குள் டக் என்றது. கையிலிருந்த பையை மெல்லத் தரையில் வைத்தார். மூன்று முறை கேட்கும்வரை அசையவில்லை. பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"மாப்பிள்ளை, என்ன சத்தம் அது?"

"மெஷின்."

"யாரு ஓட்டுறா?"

"தெரியல, அத்தை."

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா! ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதிக்கிறீங்க. சொந்த வீட்டுக் கதவைத் திறந்து ஒரு கண்ணு பார்க்கத் தோணலையா?" குரலை இறக்கினார். "புள்ளைகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

அவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நீங்க ஒரு சாவையே மறைச்சிருக்கீங்க. புள்ள என்ன வாயில்லாப் பூச்சியா, வெளியில பேசாம இருக்க? நாளைக்கு ஸ்கூல்ல எவளாவது உண்மையைச் சொல்ல மாட்டாளா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு எனக்கு பஸ். அதுக்குள்ள அந்தக் கதவைத் திறந்து, அவகிட்ட உண்மையைச் சொல்லிடணும். முடியலைன்னா பரவாயில்ல, அவ என்னோட வந்துடட்டும். அப்புறம் நீங்களும் மெஷினும் ஆசை தீரப் பேசிட்டு இருங்க."

சொல்லிவிட்டு உடனே குழந்தையின் துணிகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினார். சிறிய துணிகள். பை சீக்கிரம் நிறைந்தது. அவள் போய்விட்டால் அவர் ஏளனமாகச் சொன்னது அப்படியே நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நான் கதவடியில் உட்காருவேன். பேசவும் செய்வேன்.

சாவியை எடுத்தேன்.

"திறக்காதே அப்பா. கவுன் முடியறதுக்குள்ள திறந்தா அம்மா கோச்சுக்குவாங்க" என்றாள் மகள்.

மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். "திறங்க. நான் இருக்கேன்" என்றார். என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

பூட்டு இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் திருப்பினேன்.

உள்ளே நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார் தன் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அப்புறம்தான் கண் பழகியது. நான் பூட்டிய அன்று ஜன்னலின் ஒரு கதவு திறந்தே இருந்திருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே கொடி நுழைந்திருந்தது. கட்டைவிரல் பருமன். நாற்காலியின் முதுகில் ஏறி, தோள் இருக்க வேண்டிய உயரத்தில் வளைந்து, கை நீட்டியதுபோல மெஷினுக்குப் போயிருந்தது. உட்காரும் இடத்தில் காய்ந்த இலைகள் குவிந்து கிடந்தன. மடி அளவுக்கு.

வெளியே காற்று ஏறியது. பந்தல் முனகியது. கொடி விறைத்தது. கொடியின் நுனி மெஷினின் கைச்சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அதன் பற்றுச் சுருள்கள் முற்றிக் கம்பியாகிவிட்டிருந்தன. மெஷினில் பெல்ட் இல்லை. அறுந்துபோனதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிது வாங்கப் போன அன்றுதான் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. பிடிப்பு இல்லாத சக்கரம் பாதிச் சுற்று சுற்றியது. ஊசி இறங்கியது. கொடி தளர்ந்தது. ஊசி ஏறியது.

டக்.

ஊசிக்கடியில் ஒரு சிறிய நீலக் கவுன் இருந்தது. ஐந்து மாதமாக ஊசி ஒரே இடத்தில் குத்தியிருந்தது. அங்கே நகத்தளவு ஓட்டை.

"காத்தா?" என்றார் மாமியார்.

"காத்துதான்."

"காத்துதானா." அவர் குரலில் நிம்மதி இல்லை. எனக்கும் இல்லை.

மகள் நாற்காலியைச் சுற்றி வந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். இலைக் குவியலைக் கையால் விலக்கினாள்.

"அம்மா எங்கே?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, கை வந்தது. சுவரில் பழைய கத்தரி தொங்கியது. அதை எடுத்து, ஜன்னல் கம்பியை ஒட்டிக் கொடியை வெட்டினேன். ஒரே வெட்டில் போகவில்லை. மூன்றாவதில் போனது. முறுக்கு விட்ட வேகத்தில் சக்கரம் தானாகப் பின்னால் சுற்றியது. ஊசி துணியை விட்டு மேலே வந்து நின்றது. தைத்து முடித்தால் அவள் அப்படித்தான் ஊசியை நிறுத்துவாள்.

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அறையில் சத்தமில்லை.

மகள் முன் மண்டியிட்டேன். "அம்மா செத்துட்டாங்கடா, பொத்தான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தரியைப் பார்த்தாள்.

"நீ வெட்டினதாலயா?"

மாமியார் "ஐயோ" என்றார்.

"இல்ல. முன்னாடியே. மழைக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியில."

"இப்பதானே தைச்சாங்க."

"அது கொடி. காத்துல இழுத்துச்சு."

"அம்மா உள்ளே தைக்கிறாங்கன்னு நீதானே சொன்னே."

"பொய் சொன்னேன்."

அவள் பாட்டியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றாள். அழவில்லை. அங்கிருந்து என்னைப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் சிலர் கடைசி வரி எழுத்துகளை அப்படித்தான் பார்ப்பார்கள். ஏதோ தெரிகிறது, ஆனால் இன்னதென்று சொல்ல முடியாது.

மூன்றேகாலுக்கு மாமியார் முகம் கழுவி வந்தார். கட்டிய பையைத் திறந்து குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"அவளைக் கூட்டிட்டுப் போகலையா, அத்தை?"

"எப்படிக் கூட்டிட்டுப் போறது? கதவைத் திறக்கச் சொன்னா கத்தரியைத் தூக்கிட்டீங்க. இப்ப நான் கூட்டிட்டுப் போனா, அப்பா வெட்டித்தான் அம்மா செத்தாங்கன்னு நினைச்சுக்கிட்டே வளருவா. அந்த நினைப்பை நான் எடுக்க முடியாது. நீங்கதான் அவ எதிர்ல இருந்து எடுக்கணும்."

"எப்படி எடுக்கிறது?"

"எனக்கு என்ன தெரியும்? இது என்ன ஸ்டாம்ப் ஒட்டுற வேலையா? அவ கேக்கக் கேக்கச் சொல்லுங்க. நூறு தடவை கேட்டா நூறு தடவை." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "ஜன்னலைச் சாத்துங்க. வேண்டாம், திறந்தே இருக்கட்டும். உள்ளே யாருமில்லைன்னு அவ பார்க்கணும்."

அவர் போன பிறகு கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வந்தேன். மொட்டுகள் வீங்கியிருந்தன. மனைவியாக இருந்தால் பத்து நாள் முன்பே வெட்டியிருப்பாள். கூரையிலிருந்து கொடியை இறக்கினேன். குச்சிக்கு இரண்டு கணு. மீதியை வெட்டினேன்.

மகள் பின்வாசலின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கத்தரி கடிக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தை அறை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் கத்தரியை மறைக்கவில்லை.

வெட்டிய முனைகளெல்லாம் சொட்டத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு பந்தல் முழுவதும். மேகமில்லாத வெயிலில் பந்தலுக்கடியில் மட்டும் மண் நனைந்தது. என் கழுத்தில் சொட்டியது. அது இளஞ்சூடாக இருந்தது.

"அழுவுதா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இல்ல. வேர்ல இருந்து தண்ணி ஏறுது. வெட்டின இடத்துல வெளிய வருது."

எழுந்து வந்தாள். ஒரு முனைக்குக் கீழே விரலை நீட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தண்ணிதான்."

"ஆமா."

"நிக்குமா?"

"ரெண்டு வாரத்துல நிக்கும்."

"யார் சொன்னா?"

"அம்மா."

அவள் கண் சட்டென்று ஜன்னலுக்குப் போனது. "எப்போ சொன்னாங்க?"

"உயிரோட இருந்தப்ப."

யோசித்தாள். திரும்பிப் போய், இந்த முறை கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நான் அடுத்த குச்சிக்குப் போனேன். கணுக்களை எண்ணி வெட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெகுநேரம் காது கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீ வெட்டினதாலயா?"

"இல்ல" என்றேன்.