விரிப்பின் மறுமுனை

வெளிச்சம் வருமுன்பே அந்தச் சலவைக்கூடத்தில் கொதிகலன் சூடேறிவிடும். ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரமும் ஆவியுமாக வந்து விழ, பன்னிரண்டு பெண்கள் ஆறு ஜோடியாக நின்று உதறி மடிப்பார்கள். ஒரு கை விட்டாலும் விரிப்பு தரையைத் துடைக்கும். அதனால் ஜோடி சேர்ந்தே வரவேண்டும், சேர்ந்தே போகவேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். ஒருத்தி படுத்தால் இன்னொருத்திக்கும் அன்று வேலை கிடையாது. தன்னால் மற்றவள் வயிற்றில் அடிப்பானேன் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நோவை விழுங்கினார்கள்.

அவர்களில் ஒருத்திக்குக் கைப் பெருவிரலில் நகச்சுத்து வந்து ஐந்து நாளாயிற்று. ரத்தக் கறையையே போக்குகிற மருந்து விரலையா சுத்தம் செய்யாது என்று, துணி வெளுக்கும் தண்ணீரில் முக்கி வைத்ததுதான் அவள் செய்த வைத்தியம். தோல் வெந்து, சீழ் உள்ளே இறங்கிவிட்டது. வேலைக்கு வருகிற வழியில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் காட்டினாள்.

"இது உயிர் போற கேஸ் இல்லம்மா," என்றாள் நர்ஸ். "ஆனா இன்னைக்கே காட்டணும், விட்டா விரலே போயிடும். சாயங்கால கிளினிக்குக்குப் போங்க. ஆறு மணி வரைக்கும் டோக்கன் குடுப்பாங்க."

வேலை முடிவதோ ஏழு மணிக்கு. ஏழைக்கு நோய் வந்தாலும் நேரம் பார்த்து வரவேண்டியிருக்கிறது.

"அண்ணி, முனை நழுவுது. கையைக் காட்டுங்க," என்றாள் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில், எதிர்முனையில் நின்ற நாத்தனார். அவள்தான் ஜோடி.

"ஒண்ணுமில்ல, நீ இழு."

"விரல் கத்திரிக்காய் மாதிரி இருக்கு, ஒண்ணுமில்லையா? வாங்க, கேப்போம்."

"நான் போனா உனக்கும் வேலை போகும்டி."

"போகட்டும். விரல் போனா திரும்பி வருமா?"

இருவரும் போய்க் கேட்டபோது முதலாளி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "விரல் வலிக்கெல்லாம் லீவா? நாளைக்கு முடி வலிக்குதும்பீங்க."

"ரெண்டு மணி நேரம் முன்னாடி விடுங்க சார். கிளினிக் ஆறோட சரி," என்றாள் நாத்தனார்.

"அப்ப கிளினிக்கை ஏழு மணிக்குத் திறக்கச் சொல்லு. இப்ப போனா ரெண்டு பேரும் நாளைக்கு வரவேண்டாம்."

அவள் திரும்பிவந்து விரிப்பைத் தூக்கினாள்.

பக்கத்து ஜோடியில் நின்ற நெட்டச்சி தன் முனையைக் கீழே போட்டாள். "அப்ப நாங்களும் வரலை சார்."

அடுத்த ஜோடியும் போட்டது. ஒவ்வொன்றாக ஆறு விரிப்பும் தரையில் கிடந்தன.

"எனக்காக வேண்டாம்டி, உங்க அடுப்பெல்லாம் அணைஞ்சிடும்," என்று அவள் அழுதேவிட்டாள்.

"உனக்காக மட்டும்னு யாரு சொன்னா?" என்றாள் நெட்டச்சி. "ரெண்டு மாசமா என் காதுல சீழ் வடியுது. என் ஜோடிக்குப் பயந்து வாயைத் திறக்கல."

"எனக்குப் பயந்தா?" என்று நெட்டச்சியின் ஜோடி தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்கு மூத்திரம் எரியுது, நான் உனக்குப் பயந்து கிடக்கேன்!"

அத்தனை களைப்பிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. முதலாளி கத்தக் கத்த வெளியே நடந்தார்கள்.

கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள் மிரண்டாள். "நோயாளி யாரு? கூட்டம் எதுக்கு?"

"எல்லாரும் நோயாளிதான். டோக்கன் எத்தனை இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"மூணுதான்."

முதலாவது அவளுக்கு. அடுத்தது காதுக்கு, மூன்றாவது எரிச்சலுக்கு.

"மத்தவங்க நாளைக்கு வாங்கம்மா."

"வருவோம்," என்றாள் நாத்தனார். "காலைல கூடத்து வாசல்ல பன்னிரண்டு பேரும் நிப்போம். உள்ள விட்டாலும் விடாட்டியும், சாயங்காலம் அஞ்சுக்கு இங்க வருவோம்."

நாளைக்கு வேலை உண்டா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் முதல் எண்ணைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள், கூடவே பதினோரு பேரும் எழுந்தார்கள்.