இருதயம்மாளுக்காக ஒரு மன்றாட்டு

ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு எழுதும் முறை எங்கள் அன்பியத்துக்கு ஆண்டில் இரண்டு தடவை வரும். இராயபுரத்தில் எங்கள் தெருவின் இருபத்தாறு குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். பிறவிக் கத்தோலிக்கர்களுக்கு இது பெரிய வேலையில்லை. கோயில் அலுவலகத்தில் அச்சடித்த புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்து ஐந்து மன்றாட்டு எழுதி, மைக்கில் வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நானும் என் மனைவி மதியும் ஞானஸ்நானம் பெற்று மூன்று வருடம்தான் ஆகிறது. மன்றாட்டு என்றால், வேண்டியதைக் கடவுளிடம் கேட்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்த முறை எங்களுக்கு விழுந்தது மே தினத்தை ஒட்டிய ஞாயிறு. அன்பியத் தலைவர் வில்சன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளைத் தாளை என் கையில் திணித்தார்.

"எழிலு, நீதான் படிக்கிற ஆளு. இந்தத் தபா நீ எழுது. ரொம்ப இழுக்காத நைனா, பூசை முடிஞ்சி கறி வாங்கப் போவணும்."

நான் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். மணலியில் லோடு ஏற்ற வரிசையில் நின்றால் சில நாட்கள் ஆறு மணி நேரம் வண்டி நகராது. ஞானஸ்நான வகுப்பில் கொடுத்த, திருச்சபையின் சமூகப் போதனை பற்றிய சிறு புத்தகத்தை அந்த வரிசையில்தான் படித்தேன். கூலி என்பது இரண்டு பேர் ஒத்துக்கொண்ட தொகையோடு முடிந்துவிடுவதில்லை, வாங்குகிறவனின் குடும்பம் அதில் பிழைக்க வேண்டும் என்று, நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு திருத்தந்தை சொல்லியிருந்தார். ரோமாபுரியில் இருந்தவருக்கு என் வீட்டைப் பற்றி யார் சொன்னது? முன்னால் இருந்த லாரி நகர்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

வியாசர்பாடியில் பௌத்தக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அந்த ஒரு பக்கத்துக்காக மாறினேன் என்றால் யாரும் நம்புவதில்லை. வில்சனே ஒருநாள், "மெய்யாலுமே இன்னா குடுத்தாங்கோ?" என்று கேட்டிருக்கிறார். கொடுத்தது எதுவும் இல்லை. எங்கள் சாதிச் சான்றிதழும் அதோடு கிடைத்த சலுகைகளும் போனதுதான் மிச்சம்.

இருதயம்மாள் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கோயில் நடத்தும் பள்ளியில் பத்தொன்பது வருடமாகப் பெருக்குகிறார். கணவர் இல்லை. ஏப்ரல் கடைசியில் அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு, துப்புரவு வேலையை ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஜூன் மாதம் முதல் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏஜென்சிக்காரர்கள் நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. அவருக்கு ஐம்பத்து மூன்று.

மதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றே, பள்ளிக்கும் பொறுப்பான பங்குத்தந்தையிடம் போனேன். கெட்டவரல்ல. நான் சொன்னதை முழுதும் கேட்டார். ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜெபம் பண்ணுவோம், எழிலன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆயர் மடல் வருது, மேல ரோமாபுரியில இருந்து மடல் வருது. ஒவ்வொண்ணுலயும் ஏழைங்கோ, ஏழைங்கோ" என்றாள். "எழுதுறவங்கள நான் கொற சொல்லல. நல்லாத்தான் எழுதுறாங்கோ. அது எங்கனா வழியில நின்னுடுது. நம்ம பள்ளிக்கூடத்து கேட்டாண்ட வர மாட்டேங்குது."

"எனுக்கு இன்னா பண்றதுன்னே தெரியல, மதி."

"ஜெபம் பண்லாம்னு அவருதான சொன்னாரு? உன் கையில தாள் கீது. பண்ணு."

ஞாயிறு காலை ஏழரை மணிப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. விசுவாச அறிக்கை முடிந்ததும் நான் வாசக மேடை ஏறினேன். முதல் மன்றாட்டு எப்போதும் தலைவர்களுக்காக. திருத்தந்தையும் ஆயர்களும் குருக்களும் தாங்கள் போதிப்பதைத் தங்கள் நிறுவனங்களிலும் செய்யும் மனத்தை அவர்களுக்குத் தரும்படி கேட்டேன். எல்லோரும் ஒரே மூச்சில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

இரண்டாவதை வாசித்தேன். "எங்கள் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் பெருக்கிய சகோதரி இருதயம்மாளிடமிருந்து எடுத்த வேலையை, எடுத்தவர்களே அவருக்குத் திருப்பித் தர வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதே மூச்சு. ஒரு தலைகூட நிமிரவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி பால் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். பங்குத்தந்தையின் குரலும் அதில் இருந்தது. அவருடைய மைக் திறந்திருந்ததால் தெளிவாகவே கேட்டது.

மூன்று இரவுகள் தூங்காமல் எழுதிய வாக்கியம். சண்டை வரும் என்று பயந்திருந்தேன். நடுவில் நிறுத்துவார்கள் என்று பயந்திருந்தேன். இப்படிக் கரைந்துபோகும் என்று நினைக்கவேயில்லை. மூன்றாவது மன்றாட்டு நாட்டை ஆள்பவர்களுக்காக எழுதியது. அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. தாளைப் பார்த்தபடி நின்றேன்.

மின்விசிறிகளின் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்தார், பிறகு அடுத்தவர். பக்கத்தில் இருந்தவரிடம் ஒருவர் ஏதோ கேட்டார், அவர் குனிந்து பதில் சொன்னார். வாசித்தது அப்போதுதான் பின்வரிசைகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

வில்சன் எழுந்து நின்றார். கிரேன் மேலிருந்து கீழே கத்திப் பழகிய குரல். தனியாகச் சொன்னார்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். பாதிப் பேர் சேரவில்லை. பங்குத்தந்தையின் மைக்கில் எந்தச் சத்தமும் வரவில்லை. மீதி மூன்று மன்றாட்டையும் வேகமாக வாசித்துவிட்டு இறங்கினேன்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறைக்குப் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். திருவுடையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ஏஜென்சி வைக்கணும்னு மேலிடத்துல முடிவு பண்ணாங்க. ஆனா கையெழுத்து என்னோடது" என்றார். "முதல் தடவ 'கேட்டருளும்'னு நானும் சொன்னேன். காதுல வாங்காமச் சொல்லிட்டேன். ரெண்டாவது தடவ என்னால சொல்ல முடியல."

திருவுடையை அலமாரியில் வைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த அம்மாவ வரச் சொல்லுங்க. வேலை தரேன்னு சொல்லிடாதீங்க. என்ன முடியும்னு எனக்கே தெரியல. அவங்கள நேர்ல கூப்பிட்டு நான் இதுவரைக்கும் பேசினதேயில்ல."

வெளியே ஓடாத குறையாக வந்தேன். மாதா சிலை வைத்த கெபி அருகே இருதயம்மாள் நின்றிருந்தார். சேலைத் தலைப்பை இன்னும் தலையிலிருந்து எடுக்கவில்லை. மதி அவர் கையைப் பிடித்திருந்தாள். அவர் அதை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டனா உன்ன?"

"யக்கா..."

"வேலை போச்சுன்னு என் பொண்ணுக்கே இன்னும் சொல்லல. அவ மாமியாரு நாலாவது பெஞ்சில குந்தினு இருந்துச்சு. மைக்குல பேரு போட்டுச் சொல்றியே, ஒரு வார்த்த என்னாண்ட கேக்கணும்னு தோணலியா? நீயும் ஆபீஸ்காரன் மாதிரிதான். அவன் என்னக் கேக்காம எடுத்தான். நீ என்னக் கேக்காம வாங்கித் தரப் பாக்குற."

மூன்று வருடமாகப் படித்ததில் எந்தப் பக்கமும் அப்போது உதவவில்லை. திருத்தந்தைகளையும் ஆயர்களையும் எடைபோட்டுப் பார்த்த நான், மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கவில்லை.

"தப்புதான்கா. மன்னிச்சுக்க" என்றேன்.

அவர் கெபியின் பக்கம் திரும்பி நின்றார். மெழுகுவத்தி வெயிலில் வளைந்துகொண்டிருந்தது. கூட்டம் முழுதும் கலைந்துபோனது. வில்சன் பையோடு கறிக்கடைப் பக்கம் போனார்.

ஃபாதர் சொன்னதைக் கடைசியில் நான் சொன்னேன். வேலை தருவதாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இருதயம்மாள் தலைப்பை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பத்து மணியா?"

"ஆமாக்கா."

"மதி எங்கூட வரட்டும். நீ வராத" என்றார். "பத்தொம்போது வருசத்த நானே சொல்லிக்கிறேன்."