வலது கைத் தையல்

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள் காத்திருந்தார்கள். தெஷெங் இன்னும் பெட்டிக்குள் குனிந்தே இருந்தான். செத்தவளின் பிறந்த வீட்டார் முகம் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடலாம்; முதல் ஆணியும் அவர்கள்தான் அடிக்க வேண்டும். சூயிங்குக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது இந்த ஒரு அண்ணன்தான்.

அவள் தங்கை வான்னியாங்குக்கும் அவனேதான். அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள்.

சூயிங்கின் புருஷன் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அன்றிலிருந்து குலப் பெரியவருக்கு ஒரே நினைப்பு. புருஷன் செத்ததும் தானும் உயிரை விட்ட பத்தினியின் நினைவாக, ஊரறியக் கல்வளைவு எழுப்ப மிங் பேரரசர் அனுமதி தருவார்; அந்த வீட்டு ஆண்கள் அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் உழைக்கும் கட்டாயமும் கிடையாது. சாகமாட்டேன் என்று சூயிங் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்ன வாயை எப்படி அடைத்தார்கள் என்பதை, வெளியே தாழிட்ட பக்கத்து அறையிலிருந்து வான்னியாங் கேட்டாள். நேரம் பிடித்தது.

தானாகத் தூக்கில் தொங்கும் பத்தினி, உடல் வெளியே தெரியாதிருக்க உடுப்பைத் தன் கையாலேயே தைத்து மூடிக்கொள்வாள். இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் மாமியார் கதவைத் திறந்து ஊசியை வான்னியாங்கிடம் நீட்டினாள். அக்காள் இடது கைக்காரி. இவள் வேண்டுமென்றே தன் வலது கைப் போக்கில் தைத்தாள். அண்ணன் கண்ணில் படட்டும், அதிகாரியிடம் போய் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தைத்தாள்.

பட்டுவிட்டது. தெஷெங் தையலை விரலால் தடவினான்.

"வான்னியாங், இது யார் தைச்சது?"

அவள் உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தாள். வாயைத் திறந்தபோதுதான் பார்த்தாள், வாசற்கதவை உள்ளே தாழிட்டிருந்தார்கள். குலத்து ஆண்கள் பெட்டி தூக்கும் கம்புகளோடு அண்ணனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"சொல்லும்மா, அண்ணன் கேக்குறாரில்ல," என்றாள் மாமியார், பிரியமாக.

"அக்காதான் தைச்சா அண்ணே."

"அவ இடது கைக்காரியாச்சே."

"இங்க வந்தப்புறம் அத்தை வலது கைக்குப் பழக்கிட்டாங்க. நீ ஆணியை அடி. இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரு."

அவன் தங்கையை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் மூடி இறங்கியதும் சுத்தியலை வாங்கிக்கொண்டான். முதல் அடி கோணலாக விழுந்தது.

அந்தச் சத்தத்தில், உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த வான்னியாங்கின் புருஷன் விழித்து இருமத் தொடங்கினான். இருமல் நிற்கவில்லை. முற்றத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.