ஓடாத வண்டிக்கு என்ன களைப்பு

பழைய தகரப் பொம்மை ரயில் சேர்க்கிற எங்கள் ஆட்களில் இரண்டு ரகம் உண்டு. ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம், அடுக்குகிறவர்கள் இன்னொரு ரகம். நான் ஓட்டுகிறவள். என் வீட்டுப் பின்னறையில் தண்டவாளம் கட்டிலுக்கு அடியில் புகுந்து, தையல் மிஷினைச் சுற்றிக்கொண்டு கதவோரமாக வரும். பெயின்ட் உரியாத இன்ஜின் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டு செட்ரிக் ஹாலின்ஸ் அடுக்குகிறவர். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, மேஜை டிராயரில் வெள்ளைப் பருத்திக் கையுறை. மாதம் ஒருமுறை சர்ச் ஹாலில் எங்கள் கிளப் கூடி வண்டி விடும்போது அவரும் வருவார். ஒரு வண்டியும் கொண்டுவர மாட்டார். யாருடையதாவது தடம் புரண்டால் மட்டும் கிட்டே வந்து சிரிப்பார்.

"மொரீன், உன் கையில மாட்டின வண்டியெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சோ" என்பார்.

"என் வண்டிக்கு அடிதான் படுது. உன் வண்டியெல்லாம் பிணவறையில படுத்திருக்கு" என்பேன் நான்.

முப்பது வருஷத்துக்கு மேலாக இதே பேச்சுத்தான். அவருக்கு அலுக்கவில்லை, எனக்கும் அலுக்கவில்லை.

அந்தக் கண்ணாடி அலமாரிக்குள்கூடப் போகாத வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. நீல நிற இன்ஜின், சாவி கொடுத்து ஓடுவது, இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்தது. ஊரில் ஒரு பழைய பொம்மைக் கடையை மூடியபோது பரணில் கிடந்ததை வாங்கி வந்தார். சிவப்பு அட்டைப் பெட்டி. தொழிற்சாலையில் ஒட்டிய காகிதப் பட்டை கிழியாமல் அப்படியே அதைச் சுற்றி இருந்தது. இப்படிப் பட்டை கிழியாதது நாட்டிலேயே வேறு எவனிடமும் இல்லை என்று பெருமை அடித்துக்கொள்வார்.

அதை வாங்கி வந்த அன்று அவர் மகன் ஏட்ரியனுக்கு ஏழாவது பிறந்தநாள். பையன் பெட்டியைப் பார்த்ததும் தனக்குத்தான் என்று நினைத்துக் குதித்திருக்கிறான். "பெரியவனானதும் உனக்குத்தான்டா" என்று சொல்லிவிட்டு, துணி அலமாரியின் உச்சியில் ஏற்றி வைத்துவிட்டார் மனிதர். பையனுக்கு அன்றைக்குக் கிடைத்தது கம்பளிக் காலுறை. இதை எனக்குச் சொன்னவள் செட்ரிக்கின் மனைவி பாலின், வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டபடி. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏட்ரியன் பெரியவனானான். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, தாடி நரைத்தது. பெட்டி இறங்கவே இல்லை. பாலின் காலமான பிறகு அப்பாவும் மகனும் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை போனில் பேசுவார்கள். அங்கே மழையா, இங்கேயும் மழை, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால்கூடச் சமாதானம் பேசியிருக்கலாம். அந்த வீட்டில் சண்டையும் நடக்கவில்லை.

போன அக்டோபரில் ஏட்ரியன் திடீரென்று கூப்பிட்டான். குடும்பத்தோடு நியூசிலாந்துக்கே குடிபோகிறார்களாம். போகும் முன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறானாம். செட்ரிக்குக்கு எண்பத்தாறு வயது. இதுதான் கடைசி என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் செட்ரிக் என் கதவைத் தட்டினார்.

"மொரீன், உன் தண்டவாளம் கொஞ்சம் வேணும். ஒரு வட்டம் போடற அளவுக்கு."

"உனக்கா? நீ வண்டி ஓட்டப் போறியா? இரு, நான் உக்காந்துக்கறேன்."

"கிண்டல் பண்ணாத. நீல வண்டிய அவன்கிட்ட குடுக்கப் போறேன். பட்டைய அவனே கிழிக்கட்டும். சாவியும் அவனே குடுக்கட்டும்."

நான் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்தது. அந்த இன்ஜினின் வயது எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் வார்த்த சக்கரங்களில் ஒரு கோளாறு உண்டு. துத்தநாகத்தோடு ஈயம் கலந்துபோயிருந்தால், வருஷம் ஏற ஏற உலோகம் தானாகவே உப்பி, கீறல் விட்டு, பிஸ்கட்டாக உதிர்ந்துவிடும். எங்கள் ஆட்கள் அதைக் களைப்பு என்பார்கள். வண்டிக்குக் களைப்பு வந்துவிட்டது என்றால் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் சொல்வார்கள். மலிவான தகரச் சக்கரத்துக்கு அது வராது. ஆசையாகச் செய்த உயர்ந்த வண்டிகளுக்குத்தான் வரும். ஓட்டினாலும் வரும், ஓட்டாவிட்டாலும் வரும்.

"செட்ரிக், அந்தக் காலத்துச் சக்கரம் எப்படின்னு உனக்கே தெரியும். இப்பவே திறந்து பாத்துரலாம். கெட்டுப் போயிருந்தா புதுசு வாங்கி மாட்டிரலாம். வார்த்துக் குடுக்கற ஆளு நம்ம கிளப்புலயே இருக்காரு."

"என் வண்டிக்குப் புதுச் சக்கரமா? அதுக்கு நான் பட்டையக் கிழிக்கணுமா?"

"களைச்சுப் போயிருந்தா என்ன பண்ணுவ?"

"ஓடாத வண்டிக்கு என்ன களைப்பு?" என்று கத்தினார்.

களைப்பைப் பற்றிக் கிளப்பில் எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தவரே இவர்தான். எனக்கும் கோபம் வந்துவிட்டது. எக்கேடு கெட்டாவது போ என்று சொல்லி, தண்டவாளத் துண்டுகளைப் பிஸ்கட் டின்னோடு அவர் கையில் திணித்தேன்.

கோபம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கவில்லை. மத்தியானமே போய், முன்னறைக் கம்பளத்தில் தண்டவாளத்தை நானே மாட்டிக் கொடுத்தேன். செட்ரிக் டை கட்டியிருந்தார். சாமன் மீன் சாண்ட்விச்சை ஓரம் வெட்டி அடுக்கி வைத்திருந்தார். கடையில் வாங்கிய கேக் ஒன்றும் இருந்தது.

"அவன் வந்ததும் என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"இது எப்பவுமே உன்னோடதுதான்டான்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அதான் வண்டி ஓடுமே."

மகனோடு பேச அந்த மனிதரிடம் அதற்கு மேல் பேச்சு இல்லை. மிச்சத்தை வண்டி பேசிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஏட்ரியன் மழையில் நனைந்து வந்தான். கோட்டைக் கழற்றி மாட்டி, அப்பாவோடு கை குலுக்கி, என்னை "ஆன்ட்டி" என்று கட்டிக்கொண்டான். டீ குடித்தான். விமானம் எத்தனை மணி நேரம், அங்கே இப்போது என்ன பருவம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. பிறகு செட்ரிக் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

ஏட்ரியன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இது இன்னும் இருக்காப்பா?"

"எப்பவுமே உன்னோடதுதான்டா. கிழி."

"நெஜமாவா?"

"கிழிடான்னா."

அவன் கம்பளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஐம்பது தாண்டிய ஆள், நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு நகத்தால் பட்டையை நெம்பினான். அது கிழிந்த சத்தத்துக்கு செட்ரிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடி திறந்தது. மெல்லிய காகிதத்துக்குள் நீல நிறம் தெரிந்தது, நேற்றுத்தான் பூசியது போல. நான் என் இன்ஜின்களை நினைத்து வெட்கப்பட்டேன். ஏட்ரியன் அதை மெதுவாகத் தூக்கினான்.

மேல்பாகம் மட்டும் வந்தது. சக்கரங்கள் காகிதத்திலேயே சாம்பல் நிறத் துண்டுகளாகக் கிடந்தன. ஒரு துண்டு தண்டவாளத்தில் விழுந்து பொடிந்தது.



"என்னாச்சு இதுக்கு?" என்றான் ஏட்ரியன்.

செட்ரிக் தண்டவாளத்தில் கிடந்த பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், களைப்பு என்று.

"ஒரு தடவகூட ஓடலையே, ஆன்ட்டி."

அவன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். அங்கே என்ன தெரிந்ததோ, அவன் குரல் இளகிவிட்டது.

"பரவால்லப்பா. நான் இத இப்படியே கொண்டு போறேன். அங்க என் மேசைல வெச்சுக்கறேன். இப்பவாவது கைக்கு வந்துச்சே."

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டி ஓடவில்லை, ஆனால் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அது ஆகிவிட்டது என்று நினைத்தேன். செட்ரிக் சும்மா தலையாட்டினால் போதும்.

செட்ரிக் கையை நீட்டிப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்தார்.

"வண்டிய எடுத்துட்டுப் போ. பெட்டிய வெச்சுட்டுப் போ."

"என்னப்பா?"

"பெட்டி நல்லாருக்குடா. ஒரு மூலைகூட மடங்கல. விமானத்துல நசுங்கிரும்."

எங்கள் ஆட்களிடம் கேட்டால் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். வண்டி கெட்டுப் போனாலும் நல்ல பெட்டிக்கு மதிப்பு உண்டு, பல சமயம் வண்டியைவிட அதிகமாகவே உண்டு. அறுபது வருஷப் பழக்கம் அவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போய் அந்த வாயிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.

"செட்ரிக்!" என்றேன். பலன் இல்லை.

ஏட்ரியன் பெட்டியைத் திறந்தான். சக்கரம் இல்லாத இன்ஜினை வெளியே எடுத்து, தண்டவாளத்தின் மேல் நேராகப் பார்த்து வைத்தான். துண்டுகளைப் பக்கத்தில் கொட்டினான். காலிப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்தான். கோட்டை மாட்டிக்கொண்டான்.

"சாண்ட்விச் நல்லாருந்துச்சுப்பா. உடம்பப் பாத்துக்கங்க."

கதவு சாத்திக்கொண்டது. செட்ரிக் நின்ற இடத்திலேயே நின்றார்.

"வண்டியையும் விட்டுட்டுப் போயிட்டானே" என்றார். "நான் என்ன தப்பா சொன்னேன், மொரீன்?"

தெரியாமல்தான் கேட்டார், பாவி மனிதர். அவர் பெட்டியோடு மேஜைக்குப் போய் உட்கார்ந்து, பட்டையின் கிழிந்த முனைகள் இரண்டையும் சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தார்.

"சுத்தமாத்தான் கிழிஞ்சிருக்கு. ஒட்டினா தெரியாது. உன் வீட்ல கோந்து இருக்கா?"

எப்படியாவது அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்று கிளம்பினேன். வாசலில் பார்த்தால், ஏட்ரியனின் கார் இன்னும் போகவில்லை. உள்ளே அவன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தான். கண்ணாடியில் வைப்பர் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. விழுந்தடித்து உள்ளே ஓடினேன்.

"செட்ரிக், அவன் போகல! கார்லயே உக்காந்திருக்கான். எந்திரிச்சு ஓடு. பெட்டியக் கொண்டு போய்க் குடு!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்திருக்க நினைத்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். பிறகு அவர் பார்வை விரல்களுக்கு இறங்கியது.

"கைய எடுத்தா பிரிஞ்சிரும்" என்றார். "கோந்து எங்க?"

வெளியே கார் கிளம்பியது. தெரு முனை வரை அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. செட்ரிக் கையை எடுக்கவில்லை.