பஸ் டிரைவர் வீட்டுத் தரை

கார்பெட்டைப் பிடுங்கி வெளியே போட்ட அன்று சாயங்காலம், பஸ் டிரைவர் தன் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் வரை தரைக்குள் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கர் கடப்பாரையோடு வந்து, சுற்றிலும் இடித்து அவரை வெளியே எடுத்தார். காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. தரையில்தான் இரண்டு குழிகள், விரல் விரலாகத் தெரியும்படி. "பழைய தரை, உளுத்துப் போயிருக்கும்" என்றார் கணக்கர். சிமெண்ட் எப்படி உளுத்துப்போகும் என்று யாரும் கேட்கவில்லை. உண்மையில் கார்பெட்டை எடுத்தபோதே அடியில் தரை பள்ளம் பள்ளமாக இருந்தது. எல்லாப் பள்ளங்களும் முன்பு மகள் படுத்திருந்த அறையின் வாசலில் போய் நின்றன.

அந்தக் கார்பெட் மகளுக்காக வந்தது. அவள் தத்தித் தத்தி நடக்கப் பழகிய காலத்தில், விழுந்தால் அடிபடக்கூடாது என்று டிரைவர் அடர்பச்சையில் ஒன்றைப் பார்த்துப் பார்த்து வாங்கி, பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்து, சுவருக்குச் சுவர் விரித்தார். அவள் எத்தனையோ முறை விழுந்தாள், ஒரு முறைகூட அடிபடவில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் மூச்சு இளைக்க ஆரம்பித்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கார்பெட் இருக்கிறதா, அந்தத் தூசி ஆகாது, முதலில் அதை எடுங்கள் என்றார். டிரைவரின் மனைவி தையல்காரி. அப்போது வீடு முழுக்கப் பள்ளிச் சீருடைத் துணி மலையாகக் கிடந்தது. "இந்தத் தையல் முடியட்டுங்க, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். அவரும் தலையாட்டினார். தையல் முடிந்தது, அடுத்த தையல் வந்தது. குளிர்காலத்தில் மகள் போய்விட்டாள். கார்பெட்டால்தானா என்று டாக்டரிடம் இருவருமே கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கார்பெட் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. சொல்லை எடுக்காதவர்கள் பொருளை எப்படி எடுப்பார்கள்? வருஷக்கணக்கில் அதன் மேலேயே புழங்கினார்கள். கடைசியில் குளியலறைக் குழாய் வெடித்துக் கூடமெல்லாம் தண்ணீர் நின்று, அது அழுகி நாறிய பிறகுதான் வெளியே போனது.

நல்லா உழைக்கிற தரையாகப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். முதலில் மரப்பலகை. டிரைவர் வேலைக்குக் கிளம்பிப் போவதற்குள் வாசல்வரை வரிசையாகப் பிளந்துவிட்டது. பிறகு டைல்ஸ். அது ஒரு ராத்திரி தாங்கியது, அதுவும் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்ததால். கட்டிலில் படுத்தால் கட்டிலின் நான்கு கால்களும் தரைக்குள் இறங்கின. மருந்துக்கடை எடை மிஷினில் ஏறி நின்றால் முள் எல்லா மனிதருக்கும் காட்டுகிற எடையைத்தான் காட்டியது. பஸ்ஸிலும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள் கால் வைத்தால்தான் அந்தப் பாரம் ஏறியது.

இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் செய்த தவறு, கிரானைட்டைக் கடையில் வைத்துச் சோதித்தது. டிரைவர் ஒவ்வொரு கல்லாக ஏறி நின்றார், குதித்தார், கடைக்காரர் கைதட்டாத குறை. கடையில் எல்லாக் கல்லும் தாங்கியது. ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று சொல்லிக் கறுப்புக் கல்லைத் தலையில் கட்டினார். அது வீட்டில் ஒரு வாரம் தாங்கியது. பார்க்க வந்த கடை ஆள் குனிந்து நொறுங்கல்களைத் தொட்டுவிட்டு, "சார், வீட்டுல யானை கீனை கட்டிப் போட்டிருக்கீங்களா?" என்றான். அன்றைக்கு ராத்திரியே டிரைவர் தலையணையை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய் பஸ்ஸின் பின்சீட்டில் படுக்க ஆரம்பித்தார். கடைசியாகச் சாதாரண சிமெண்ட் பூசிப் பார்ப்போம், அதுவும் தாங்காவிட்டால் இனி வீட்டுக்கே வரப்போவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். அவள் சரி என்றாள்.

கொத்தனார் காலையில் பூசி முடித்து, காயும்வரை ஈ எறும்புகூட நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்து காவல் காத்தார். மத்தியானம், மனைவி கொல்லை வழியாகப் போய் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கிக் கருகும் வாடை வந்தது. அவள் தெருவிலிருந்து ஓடிவந்து, அவரைத் தாண்டி, ஈரச் சிமெண்டின் மேலேயே நடந்து போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பாதி வழியில்தான் அவளுக்கு நினைவு வந்தது. அப்படியே நின்றுவிட்டாள். தரையில் ஒரு தடமும் இல்லை. அவள் பாதத்துக்கும் ஈரத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

தையல் மிஷினின் மிதிக்கு மேல் அவள் ஏன் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டியிருந்தாள் என்பது டிரைவருக்கு அப்போதுதான் புரிந்தது. கால் மிதியை எட்டாமல் இருந்திருக்கிறது. கார்பெட் இருந்தவரை யார் நடந்தாலும் சத்தம் கேட்காது, அவள் நடை கேட்காததும் தெரியவில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"அவ போனதுலேருந்துதாங்க. அதை மிதிக்க மனசு வரல. அப்புறம் காலும் வரல."

டிரைவர் யோசிக்காமல் எழுந்து அவளை நோக்கி நடந்தார். இரண்டாவது அடியில் முழங்கால்வரை இறங்கினார். அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். பிடித்ததும் அவர் மெல்ல மேலே வந்தார், அவள் மெல்லக் கீழே வந்தாள். இருவர் பாதங்களும் ஈரத்தில் சாதாரணமாகப் பதிந்தன.

"வாங்கிட்டு வந்தது நான்தானே" என்றார் அவர்.

"அப்புறம் எடுத்துக்கலாம்னு சொன்னது நான்."

இவ்வளவு காலத்தில் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். இருவரும் அழுதார்கள். அழுததால் ஒன்றும் சரியாகிவிடவில்லை. கையை விட்டதும் அவர் இறங்கினார், அவள் எழும்பினாள். ஆகவே விடாமல் இருக்கப் பழகினார்கள். ஒருவர் காய் நறுக்க ஒருவர் வாணலியைப் பிடித்தார்கள், சண்டை போட்டுக்கொண்ட நாளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் கோத்துக்கொண்டே இருந்தார்கள். தூக்கத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. கொல்லையில் கிடந்த கார்பெட்டில் அழுகாத ஓரம் ஒன்று மிச்சமிருந்தது. அதை அவள் வெட்டி, துவைத்து, இருவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டும் பட்டையாகத் தைத்தாள். கொத்தனார் வந்து தரையைப் பார்த்து, முழங்கால் குழியை மூடிவிட்டு, பாதத் தடங்களையும் தேய்த்துவிடவா என்று கேட்டார். அது இருக்கட்டும் என்றாள்.

வருஷங்கள் போயின, விஷயம் தெருவுக்கும் தெரிந்தது. டிரைவர் ஓய்வு பெற்றார், கணக்கர் செத்துப்போனார், தெருவில் எல்லோரும் தரையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். டிரைவர் ஒரு விடியற்காலையில், மணிக்கட்டில் பட்டையோடு இறந்தார். எடுத்துப் போக வந்தவர்கள் அவர் கனக்கவே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். இனி தையல்காரி கூரையில் போய் முட்டிக்கொள்வாள் என்று தெரு பயந்தது. கணக்கரின் மனைவி அவளைப் பிடித்துக் கட்ட ஒரு கயிற்றைக்கூட எடுத்து வைத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சுவர் வழியாக ஒரு சத்தத்தைக் கேட்டாள். கூடத்திலிருந்து மகள் அறை வாசல்வரை, திரும்பக் கூடத்துக்கு, ஒரு பெண் அழுத்தி அழுத்தி நடக்கும் சத்தம். இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் கேட்காத சத்தம்.

காலையில் போய்ப் பார்த்தபோது தையல்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டவிழ்த்த மரக்கட்டை கீழே கிடந்தது. கால் மிதியில் நன்றாகப் பதிந்திருந்தது.

"அவரோட பாரமும் சேந்து இப்ப எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். கணக்கரின் மனைவி குனிந்து தரையைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. கயிற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துணி காயப்போடக் கட்டினாள்.