மூன்று மணிக்கு இரண்டே விரல்

தையலக்காவின் அளவு நோட்டில் ஊராருடைய தோளும் இடுப்பும்தான் இருக்கும். கடைசிப் பக்கம் மட்டும் அவளுடையது. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்ட மறுநாள், ஊசியால் பத்து விரலையும் குத்திப் பார்த்து, குத்தினது தெரியாத விரல்களை எண்ணி எழுதுவாள். காலை பத்து மணிக்கு ஏற்றிய மூன்று தடவையும் எட்டு விரல். மருந்து வண்டி தாமதமாக வந்த தடவை மட்டும் மதியம் மூன்று மணிக்கு ஏற்றினார்கள். அதற்கு இரண்டே விரல். பொத்தான் துளை தைத்துப் பிழைக்கிறவளுக்கு இது லேசுப்பட்ட விஷயமா?

அடுத்த தடவைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை, தலைமை நர்ஸ் வந்ததுமே தையலக்கா சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"மூணு மணிக்குப் போடுங்க சிஸ்டர்."

"இங்க காலைல மட்டும்தான்."

"போன தடவை போட்டீங்களே?"

"அன்னிக்கு வண்டி லேட்டு."

"இன்னிக்கும் லேட்டுன்னு நெனச்சுக்குங்க."

கூட வந்த தம்பிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "சும்மா இரேன்க்கா. அவங்க படிச்சவங்க."

"படிச்சவங்கதான். விரல் என்னோடதுடா."

டாக்டர் வந்தார். தையலக்கா நீட்டிய நோட்டை நின்றபடியே படித்தவர், உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "சில மருந்துக்கு நேரம் மாறினா பக்கவிளைவும் மாறும். ஆனா ஒரு தடவைய வச்சு எதையும் சொல்ல முடியாதும்மா."

"அப்ப ரெண்டாவது தடவையும் பார்த்துடுவோம். மதியம் போட்டா தப்பா?"

"மருந்துக்குத் தப்பில்ல."

"வேற யாருக்குத் தப்பு?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சுவரில் ஒட்டியிருந்த டியூட்டி பட்டியலைப் பார்த்தாள்.

தையலக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. உள்ளே பயம் இல்லாமலா? எட்டு விரலும் மறுபடி மரத்துவிட்டால் தையலும் போச்சு, மானமும் போச்சு. ஆனாலும் ஐந்து மணி நேரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மூன்றடித்ததும் நர்ஸ் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து மருந்தை ஏற்றினாள்.

மறுநாள் காலை போன் அடித்தது. நர்ஸ்தான்.

"எத்தனை விரல்?"

"ஒண்ணுதான் தெரியல சிஸ்டர். மத்த ஒம்பதும் சுரீர்னு வலிக்குது." சொல்லும்போதே தையலக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லா வலிக்கட்டும்" என்றாள் நர்ஸ். "பட்டியல்ல உங்களுக்கு மூணு மணின்னு பேனாவாலயே எழுதிட்டேன்."