கோப்பையைச் சுற்றிய தங்கக் கட்டம்

காலையில் கொட்டகையைத் திறந்ததும் ராபர்ட்டின் கண் பக்கத்துக் கொட்டகை வாசலுக்குத்தான் ஓடும். அங்கே வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிலுவையே போட்டுக்கொள்வார். அன்றைக்கும் ஒரு ஆட்டோ நின்றது. அட்டைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"என்னாங்க, கழுத்து சுளுக்கிக்கப் போவுது. டீய குடிங்க," என்றாள் மனைவி விமலாராணி.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கோப்பையில் படம் போட்டுத் தருவதென்றால் ராபர்ட்தான் என்று ஒரு காலம் இருந்தது. டிகால் என்கிற ஒட்டுத்தாளில் அச்சடித்து, தண்ணீரில் நனைத்து, கோப்பையில் ஒட்டிச் சூளையில் வைத்து எடுத்தால், சுரண்டினாலும் போகாது. கடை திறப்பவர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் அவரைத் தேடித்தான் வந்தார்கள். பக்கத்துக் கொட்டகைக்கு சமீரா குடிவந்த பிறகு கதை மாறிப்போனது.

சமீராவின் கணவன் துபாயில் இருந்தான். அவள் தனியாகவே தொழிலைத் தொடங்கினாள். பூவும் பெயரும் போடுவதோடு, கோப்பையின் ஓரத்தில் சின்னதாக ஒரு க்யூஆர் கோடும் அச்சடித்துக் கொடுத்தாள். போனைக் காட்டினால் அந்தக் கடையின் பக்கம் திறக்கும், வாங்குகிறவருக்குத் தள்ளுபடி வரும். வியாபாரிகளுக்கு அது பிடித்துவிட்டது. ராபர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் நேற்று மூண்டதல்ல. வந்த புதிதில் சமீரா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்திருந்தாள். "அண்ணே, சுட்டு எடுத்தா படத்துல ஊசி குத்துன மாதிரி ஓட்ட ஓட்டயா வுழுதுண்ணே. ஏன்னே தெரியல." தாளுக்கடியில் தண்ணீர் தங்கியிருந்தால் சூட்டில் கொப்பளித்து அப்படித்தான் ஓட்டை விழும், ரப்பர் துண்டால் அழுத்தி வழித்துவிட்டால் தீர்ந்தது. ராபர்ட்டுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் "எனக்கென்னாமா தெரியும்?" என்று கையை விரித்துவிட்டார். அவள் பாவம், பெட்டி பெட்டியாகப் பாழாக்கித் தானே கற்றுக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் மாணிக்கவேல் வந்தார். ஏற்கெனவே கடைகள் வைத்திருப்பவர், பெண்ணாடத்தில் புதிதாக இன்னொரு ஜவுளிக்கடை திறக்கிறார். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பை கொடுக்க வேண்டும், அதில் க்யூஆர் கோடு இருக்க வேண்டும், அதைக் காட்டுகிறவர்களுக்கு முதல் துணியில் தள்ளுபடி. சமீராவிடம் விலை கேட்டுவிட்டு வெளியே வந்தவரை ராபர்ட் வாசலிலேயே மடக்கினார்.

"அந்தப் பொண்ணு தம்மாத்தூண்டு கட்டம் போட்டுக் குடுக்கும். நான் தங்கத்துல போடறேங்க. கோப்பையச் சுத்தி, பெருசா. ஊரே பாக்கும்."

தங்கம் என்றதும் மாணிக்கவேலுக்கு முகம் மலர்ந்தது. "நல்லா வந்துச்சின்னா நம்ம எல்லாக் கடைக்கும் இனிமே நீங்கதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். ராபர்ட்டுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒழுங்காகச் செய்துவிட்டால் போன பெயர் திரும்பிவிடும். அதைவிடப் பெரிய சந்தோஷம், சமீராவிடமிருந்து பறித்தது.

தங்கப் பூச்சுத் தாள், சுடுவதற்கு முன்னால் மங்கிய காவி நிறத்தில்தான் இருக்கும். ராபர்ட் அச்சடித்த தாளை மேசையில் விரித்துப் போனைக் காட்டினார். கடையின் பக்கம் பளிச்சென்று திறந்தது. அவ்வளவுதான், திருப்தியாகிவிட்டது. கோப்பைகளில் ஒட்டி வரிசையாகக் காய வைத்தார்.

அந்த வழியாகப் போன சமீரா நின்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது தங்கம் போலருக்குது. சுட்டா கண்ணாடியாட்டம் மின்னும், போனு படிக்காது. கோப்பையச் சுத்தி வேற வருது, பாதி கட்டம் அந்தாண்ட போயிடும். ஒரே ஒரு கோப்பய மட்டும் சுட்டு, போன்ல காட்டிப் பாத்துட்டு மிச்சத்த வைங்கண்ணே. நானும் மொதல்ல இப்டித்தான் கெடுத்தேன்."

ராபர்ட்டுக்கு மீசை துடித்தது. "எனக்கே சூளயப் பத்தி நீ பாடம் எடுக்கறியா? போம்மா, போயி உன் வேலயப் பாரு."

அவள் தன் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னதுல என்னா தப்பு? ஒண்ணு சுட்டுப் பாத்தாதான் என்னா?" என்றாள் விமலாராணி.

"ஆர்டர் கை மாறிப்போச்சில்ல, அந்த வயித்தெரிச்சல்ல சொல்றா. பயமுறுத்திக் கெடுக்கப் பாக்கறா. எனக்கு ஆளு தெரியாதா?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுட்டு எடுத்தார். சூளையைத் திறந்தபோது கோப்பைகள் தகதகவென்று மின்னின. அந்த மினுக்கத்தில் மயங்கியவர் ஒரு கோப்பையிலாவது போனைக் காட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் சமீரா சொன்னதற்குக் கீழ்ப்படிந்தது போல் ஆகிவிடுமே!

திறப்பு விழாவில் நல்ல கூட்டம். கோப்பையை வாங்கியவர்கள் "அட, தங்கம்!" என்று வியந்தார்கள். பிறகு போனை எடுத்தார்கள். கோப்பையைத் திருப்பினார்கள், சாய்த்தார்கள், வெயிலில் காட்டினார்கள், முந்தானையால் மறைத்துப் பார்த்தார்கள். ஒரு போனும் படிக்கவில்லை. "தள்ளுபடி தர மனசில்லாம கோப்பயக் குடுத்து ஏமாத்தறாங்க," என்று ஒரு அம்மாள் சத்தமாகவே சொன்னாள்.

மாணிக்கவேல் ராபர்ட்டை ஓரமாகக் கூப்பிட்டார். "கோப்ப அழகாத்தான் இருக்குதுங்க. டீ குடிக்கலாம். ஆனா என் பேருல்ல கெடுது?"

ராபர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பியவர், தன் கொட்டகைக்குப் போகாமல் சமீராவின் வாசலில் போய் நின்றார். அவள் சிரிப்பாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தார். தான் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு சமீரா சற்று யோசித்தாள். "கோப்பைய ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. ஆனா கோப்பைக்கு ஒரு சாசர் குடுக்கலாமில்ல? சாசர் நடுவுல தட்டையா இருக்குது. சின்னதா கறுப்புல போட்டா எல்லாப் போனும் படிக்கும். கோப்பைய எடுத்தாந்து சாசர வாங்கிக்கங்கன்னு மாணிக்கவேல் அய்யாவச் சொல்லச் சொல்லுங்க. மறுபடியும் கடைக்கு வருவாங்க, அவருக்கும் யாவாரம்தான். வாங்க, ரெண்டு சூளயிலயும் போட்டுடலாம்."

ராபர்ட் மாணிக்கவேலுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். இருவரும் வேலையில் இறங்கினார்கள். முதல் சாசரைச் சுட்டு, ஆறவைத்து, ராபர்ட்டே போனைக் காட்டினார். கடையின் பக்கம் திறந்தது. அடுத்த சாசரில் தாளை ஒட்டியவர், ரப்பர் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நடுவுலேருந்து வெளிய பாக்க வழிச்சி வுடும்மா. தண்ணி தங்குனா ஓட்ட வுழும். அன்னிக்கி நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

சமீரா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் அப்பவே தெரியும்ண்ணே, ஒங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னு," என்றாள்.

ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டார். டீ கொண்டுவந்த விமலாராணி சும்மா இருப்பாளா? "அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல்ல சொல்றான்னீங்களே. எரிஞ்சது யாரு வயிறு?"

"என் வயிறுதான்," என்றார் ராபர்ட். "பொறாம புடிச்சவன் காதுல நல்லது சொன்னாலும் கெட்டதாத்தான் வுழுது. அடுத்தவங்க பொழப்பப் பாத்து எரியறவன், மொதல்ல தன் பொழப்பத்தான் சுட்டுக்கறான்."